மேல்குழிச் சாமி

எங்கள் ஊரில் ஒரு நீர்வீழ்ச்சி இருப்பதே எனக்கு ஒன்பது வயதாகும்வரை தெரியாது. தண்ணி விழுகிற இடம் என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த எங்களுக்கு அங்கிருந்துதான் குழாயில் தண்ணீர் வரும். குழாய் வந்து முடிகிற பீலியில்தான் குளிப்பது, துவைப்பது, சண்டை போடுவது எல்லாம். கொழும்பிலிருந்து வந்த யாரோ அந்த இடத்தைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிய பிறகு அது நீர்வீழ்ச்சியாகிவிட்டது. நாங்கள் விறகுக்குப் போகிற பாதைக்கும் ஹைக்கிங் டிரெயில் என்று பெயர் வந்தது.

அதனால் மாமாவுக்கு ஒரு தொழில் கிடைத்தது. மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து, நாள் முழுக்க நிற்கப் பிடிக்காமல் திரும்பி வந்து எங்களோடு இருந்தார். அப்பாவும் கொழும்பில்தான் வேலை செய்தார். அவருக்கு நிற்கப் பிடித்திருந்ததோ என்னவோ, பண்டிகைக்கு மட்டும்தான் வருவார். ஆகவே வீட்டில் அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி, மாமா. நிற்கப் பிடிக்காத மாமாவுக்கு நடக்கப் பிடித்திருந்தது. டூரிஸ்ட்டுகளை லயத்தடியில் வரவேற்று, அட்டை கடிக்காமலிருக்க அவர்கள் காலில் சவர்க்காரம் பூசச் சொல்லி, தேயிலை மலை வழியாக ஏற்றிக்கொண்டு போவார். அதைத் தாண்டினால் பைன் மரங்கள் நிற்கிற டர்பன்டைன் காடு. காய்ந்த ஊசி இலை மெத்தென்று கிடக்கும், செருப்பு வழுக்கும். பிறகு ஆளை மறைக்கிற மானாப்புல். புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே தண்ணீர், இடது கைப் பக்கம் வெல்லவாயச் சமவெளி வரைக்கும் வெறும் ஆகாயம். அந்த இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி "வாவ்" என்பார்கள். மாமா அதைத் தானே கட்டி வைத்தவர்போல அடக்கமாகச் சிரிப்பார்.

தொல்லை வந்தது அருவிக்கு மேலே. பாறையைச் சுற்றி ஏறினால் தண்ணீர் விழுவதற்கு முன் தேங்குகிற ஒரு குழி உண்டு. மேல்குழி என்போம். எங்கள் குழாயின் வாய் அதற்குள்தான் இருந்தது. வந்தவர்களுக்கு அருவியைப் பார்த்தால் போதவில்லை, அந்தக் குழியில் இறங்கிக் குளிக்கவும் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலியில் நுரை வந்தது. நல்ல வாசனையான நுரை. பக்கத்து வீட்டு அக்கா குடத்தைக் கவிழ்த்துவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஒன் வெள்ளக்காரன் தலைக்குக் குளிச்ச தண்ணியில நாங்க சோறாக்கணுமாடா?"

மறுநாளே மாமா, குளிக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதி ஒரு பலகை நட்டார். அடுத்த வாரம் அந்தப் பலகையில் யாருடைய ஈரத் துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. முள்வேலி போட்டார். வேலியைத் தாண்டுவதே ஒரு சாகசமாகி, அதையும் படம் பிடித்தார்கள். டூரிஸ்ட்டை வர வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனமில்லை. சில நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒரு காலையில் திடீரென்று உற்சாகமாகிவிட்டார்.

அன்று நான் மானாப்புல் பக்கம் கொய்யாப்பழம் பொறுக்கப் போயிருந்தேன். மாமா தோளில் சாக்கு மூட்டையோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே போய்க் கையும் களவுமாகப் பிடித்தேன். மேல்குழிக் கரையில் பாறை இடுக்கில் மண்ணைத் தோண்டி, சாக்கிலிருந்து எங்கள் வீட்டு அம்மிக் குழவியை எடுத்து நிமிர்த்தி நட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கிரைண்டர் வந்த பிறகு அம்மியும் குழவியும் லயத்துக்குப் பின்னால் சும்மாதான் கிடந்தன. நட்ட குழவிக்கு எண்ணெய் பூசினார், மஞ்சள் தடவினார், பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். பக்கத்தில் ஒரு சூலம், கழுத்துக்கு ஒரு சிவப்புத் துணி. எட்டி நின்று பார்த்தபோது எனக்கே கும்பிடத் தோன்றியது.

"யார்கிட்டயாவது சொன்னே, கண்ணு அவிஞ்சிரும்" என்றார் மாமா.

"இது நம்ம குழவிதானே மாமா?"

"காலையில வரைக்கும் குழவி. இப்ப சாமி."

மேல்குழியில் சாமி வெளிப்பட்டிருக்கிறது என்ற செய்தி மத்தியானத்துக்குள் லயத்தைச் சுற்றி வந்துவிட்டது. பலகையும் முள்வேலியும் செய்யாததைக் குழவி செய்தது. வெள்ளைக்காரர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூரத்திலேயே நின்றார்கள். பதுளையிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் பூ வைத்து விளக்குக் கொளுத்தியது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் கும்பிடுவாள், ஆனால் பாதையில் நின்றபடியே. கிட்டப் போக மாட்டாள். அதனால் நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். எங்கள் தோட்டத்து இளந்தாரிகள் மட்டும் அசையவில்லை. மாமாவைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் சாராயப் போத்தலோடு மேல்குழிக்குப் போய், இறங்கிக் குளித்து, சாமிக்கும் ஒரு மூடி ஊற்றி வைத்துவிட்டு, போத்தலைக் குழியிலேயே எறிந்துவிட்டு வந்தார்கள்.

மழை தொடங்கிய மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருந்தது. பிறகு கண் மஞ்சளாகியது, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, தண்ணீரால் வந்தது, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோ வந்து நின்றது. தம்பியின் தலை அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அவன் செத்துப்போவானா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்டால் அது நடந்துவிடும் என்று பயமாகவும் இருந்தது.

ஏறப் போன அம்மா, என்ன நினைத்தாளோ, பீலியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அருவி இருந்த திசையைப் பார்த்துத் திரும்பினாள். "மேல்குழிச் சாமி! ஏம் புள்ளைய நல்லபடியாக் குடுத்துரு. ஒனக்குப் பொங்க வச்சு, ஒன் முன்னாடியே அவனுக்கு மொட்ட போடுறேன்!" என்று சத்தமாக வேண்டினாள். அம்மா சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. இளந்தாரிகள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாமாவின் முகம் வெளிறிப்போனது. ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு, "காளியம்மனுக்கு நேந்துக்கயேன் அக்கா, அவதானே நம்ம கொலசாமி" என்றார்.

"தண்ணியில வந்த காய்ச்சல். தண்ணிக்குக் காவலா இருக்கிறவர்கிட்டத்தானேடா கேக்கணும்?" என்றாள் அம்மா. ஆட்டோ போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மா தம்பியின் உயிரைக் கொண்டுபோய்த் தேங்காய் அரைக்கிற கல்லிடம் ஒப்படைத்துவிட்டாள். கல் என்ன செய்யும்? இது தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அடுப்படியில் சோற்றைக் குழைய விட்டுக்கொண்டிருந்தார். மற்றவள் நான். ஆகவே யாருக்கும் சொல்லாமல் காளியம்மன் கோயிலுக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் விளக்கினேன். அம்மாவுக்கு விஷயம் தெரியாது, அவள் வேண்டியதைத் தயவுசெய்து நீயே எடுத்துக்கொள், கோபப்படாதே என்று கெஞ்சினேன். அம்மன் ஒப்புக்கொண்ட மாதிரிதான் பட்டது.

தம்பி பிழைத்துக்கொண்டான். மெலிந்துபோய், ஆஸ்பத்திரி வாசனையோடு வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மாமாவைக் கடித்தான். லயமே மேல்குழிச் சாமியின் பெருமையைப் பேசியது. உண்மையில் யார் காப்பாற்றினார் என்று தெரிந்த எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. இளந்தாரிகள் தாங்களாகவே மேலே போய்க் குழிக்குள் இறங்கிப் போத்தல்களையெல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். அதன் பிறகு ஒருவரும் அங்கே காலை நனைக்கவில்லை. பீலியில் தண்ணீர் கண்ணாடியாக விழுந்தது.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, பானை, அரிசி, சேவல், சவரக்காரர் சகிதம் லயமே டிரெயிலில் ஏறியது. மொட்டை போடுவது தாய்மாமன் மடியில்தான். அதனால் மாமாவுக்குத் தப்பிக்க வழியில்லை. தான் நட்ட சாமிக்கு நேர் எதிரே, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, திமிறுகிற தம்பியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு முன்னால் சாமியைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"நான் செய்றேன் அக்கா" என்று மாமா பாதி எழுந்தார்.

"நேந்தது நான். நீ புள்ளையப் புடிச்சுக்கிட்டுப் பேசாம ஒக்காரு."

அம்மா சூலத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். சிவப்புத் துணியை அவிழ்த்தாள். கல்லை மண்ணிலிருந்து அசைத்து எடுத்து மடியில் கிடத்தி, செம்பால் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பழைய எண்ணெயும் மஞ்சளும் கரைந்து போக, எங்கள் குழவி அப்படியே வெளியே வந்துவிட்டது. அம்மாவின் இரண்டு கைகளும் அதன் இரண்டு முனைகளையும் பிடித்திருந்தன. ஒரு முனையில், எப்போதோ கீழே விழுந்து சில்லுத் தெறித்த இடத்தில், அவளுடைய கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவள் புது மஞ்சளைக் கனமாகக் குழைத்து அந்தச் சில்லை மூடினாள். அந்த முனை மண்ணுக்குள் போகும்படி கல்லைத் தலைகீழாகத் திருப்பி நட்டு, துணியைக் கட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி "சாமி!" என்று கூப்பிட்டு விழுந்து கும்பிட்டாள்.

அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று மாமாவுக்குக் கண்ணைக் காட்டினேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தபடி, தம்பியின் அரை மொட்டைத் தலைமேல் கண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு, நாங்கள் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுகூடப் புரியவில்லையே என்று எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.