எச்சில் மூடி

வேலை முடிந்து துறைமுகச் சாலைக் கடையில் பரோட்டா பார்சல் கேட்டேன். அண்ணாச்சி சால்னாவை பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றினார். மூடிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலை நாக்கில் தொட்டுப் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எச்சில் தெறிக்க ஊதியதும் ஒன்று கழன்றது. அதுவும் டப்பாவுக்குப் பொருந்தவில்லை. அமுக்கியபோது கட்டைவிரல் சால்னாவுக்குள் போனது.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணுதிய?"

"ஊதாம எப்படிம்மா பிரியும்?" என்றவர், ஒழுகாமலிருக்க இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றினார். இந்த மூடியைச் செய்தவர்கள் ஒருமுறையாவது மூடிப் பார்த்திருப்பார்களா?

வாங்காமலே திரும்பினேன். ஆனாலும் அந்தச் சால்னா ருசியை விட மனமில்லை. மறுநாள் எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுபோனேன். ஊற்றி முடித்த அண்ணாச்சி, பழக்கதோஷத்தில் அதன் மூடியையும் ஊதினார்.

இப்போதெல்லாம் வாளியை மட்டும்தான் நீட்டுகிறேன். மூடி என் கையில் இருக்கிறது.