டீச்சரின் மண்தொட்டிகள்

"தொட்டுப் பாரும்மா, சுடுது" என்று டீச்சர் என் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் வைத்தார். தோலும் தண்டும் டீத்தூளும் காய்ந்த இலையுமாகக் கிடந்த குப்பைக்குள் நிஜமாகவே சூடு இருந்தது. "உள்ள வேலை நடக்குது, அதான்" என்றார். தேஹு ரோடில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போனபின் விமான் நகரில் எனக்கு எதிர்வீட்டில் தனியாகக் குடியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வந்திருந்த எனக்கு அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச அவர் ஒருவர்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையில், ஜன்னலோரம், மூன்று மண்தொட்டிகள் வைத்திருந்தார். காலையில் கதவைத் தட்டி என் வீட்டுக் காய்கறித் தோலை வாங்கிப் போவார். சில மாதம் கழித்து அது கறுத்து உதிர்ந்த உரமாகி என் கறிவேப்பிலைச் செடிக்கே திரும்பி வரும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தளத்தில் துர்நாற்றம் கிளம்பியது. அழுகல் வாடை, லிஃப்ட் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். எல்லோர் கண்ணும் தொட்டிகள்மேல் போயிற்று. டீச்சர் மூடியைத் திறந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். யாரும் குனியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே கூட்டம் போட்டார்கள். "மேடம், யே கச்ரா யஹான் நஹி சலேகா" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர், இந்தக் குப்பை இங்கே ஆகாது என்று. டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. தினமும் பாக்குறியே, என் தொட்டியா நாறுது?"

நாறவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் செயலாளரின் கடிதம் வேண்டியிருந்தது. "கொஞ்ச நாளைக்கு எடுத்து வெச்சிரலாமுங்க டீச்சர்" என்று தமிழில் மெதுவாகச் சொன்னேன். என்ன சொன்னீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, நீங்கள் சொல்வதுதான் சரி என்றேன் இந்தியில். டீச்சருக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். மறுநாள் காலை பாதி மட்கியதையெல்லாம் தானே சாக்கில் அள்ளி மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டார். தொட்டிகளையும் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகும் வாடை போகவில்லை. தரையில் ஊறியிருக்கும் என்று பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். மூன்றாம் நாள் என் சமையலறை ஸிங்க்கில் தண்ணீர் தேங்கிற்று என்று பிளம்பரை வரவழைத்தேன். கீழே அலமாரிக்குள் குழாய் அடைத்து, இணைப்பு விட்டுப்போயிருந்தது. பின்சுவர் ஓரமாக வாரக்கணக்கில் வழிந்த எச்சில் தண்ணீரும் அழுகிய சோறும் நடைப்பக்கத்துக் குழாய்ச் சந்துக்குள் இறங்கி நின்றிருந்தன. "வாஸ் இதூன்ச் யேத் ஹோதா" என்றார் அவர் மராத்தியில், நாற்றம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று. அள்ளியதைக் கறுப்புப் பையில் கட்டி மாடிப்படி வழியாகக் கொண்டுபோகச் சொன்னேன். டீச்சர் வீட்டுக் கதவு மூடியிருந்தது. நான் தட்டவில்லை.

வாடை நின்றது. பார்த்தீர்களா, தொட்டிதான் என்றார் செயலாளர். எனக்குக் கடிதம் கிடைத்தது. அதன்பின் டீச்சர் என்னிடம் தோல் கேட்டு வரவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். அடுத்த கோடையில் தேஹு ரோடுக்கே குடிபோனார்.

போன மாதம் கேம்ப் பகுதிக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு, "நான் வந்தப்புறம் அந்த நாத்தம் திரும்ப வரலையே?" என்று கேட்டார்.

"வரலைங்க டீச்சர்."

"அப்போ என் தொட்டிதான். நாந்தான் தெரியாம அடம் பிடிச்சு உன்னையும் சங்கடப்படுத்திட்டேன். இப்பல்லாம் எல்லாத்தையும் வண்டியிலயே போட்டுடறேன். நமக்குக் கைவரலை."

என் குழாய்தான் டீச்சர் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டார். அவர் கையிலிருந்த பையை வாங்கி ஆட்டோவுக்குள் வைத்தேன். "நல்ல பொண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.