சும்மா போய் வந்த பாட்டில்

செய்தி கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. நான் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வேதியியல் செய்முறை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கிளார்க் வாசலில் நின்றபடி, "மேடம், நம்ம தங்கமுத்து சார் தவறிட்டாருங்க. காலையில டீ குடிச்சுட்டு உக்காந்தவரு, அப்படியே போயிட்டாருங்களாம்" என்றார். நான் "சரிங்க" என்றேன். ப்யூரெட் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நிறம் மாறும் இடத்தைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், சிலர் அவரோடு சண்டை போட்டவர்கள். நான் இரண்டாவது வகை. ஒரே ஆய்வகத்தில் பல ஆண்டு வேலை பார்த்தோம். அவர் என்னை "அம்மிணி" என்பார், நான் அவரை "சார்" என்பேன். இந்த மரியாதைக்குள்ளேயே வேண்டிய அளவு சண்டை நடந்தது. அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒருவர் மேடையேறி "தங்கமுத்து சார் ரொம்ப நல்ல மனுசருங்க" என்று ஆரம்பித்தார். இவர் கீழே இருந்தே, "அதை அளக்க முடியாதுங்க, வேற ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். ஆகவே அளக்க முடிந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த காலம். நொய்யல் ஆறு சாயக்கழிவால் ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். ஊரே நிறத்தைப் பற்றித்தான் பேசியது. இவர் மட்டும் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "கலர் கண்ணுக்குத் தெரியுது, உப்பு நாக்குக்குத் தெரியுது. ரெண்டுக்கும் தெரியாதது ஒண்ணு கடல் வரைக்கும் போவுது, அம்மிணி" என்பார். உரச்சத்தைத்தான் சொன்னார். சாக்கடையும், சோப்பும், சாயப்பட்டறைகளில் துணி அச்சிடக் கலக்கும் யூரியாவும், வயலில் போட்ட உரமும் ஆற்றோடு காவிரிக்குப் போய், காவிரியோடு கடலுக்குப் போகின்றன. அங்கே பாசி கொழுத்துப் பெருகுகிறது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீன் மூச்சு முட்டிச் சாகிறது. கடலையே பார்க்காத திருப்பூர்க்காரனுக்கும் அந்த மீனுக்கும் கணக்கு இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவரும் நானும் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவோம். ஊருக்கு மேலே ஒரு இடம், ஊருக்குக் கீழே சில இடங்கள் என்று தண்ணீர் எடுத்து வந்து சோதிப்போம். ஓராண்டு முடிந்தபோது ஊருக்குக் கீழே, அந்த உரச்சத்துகளில் ஒன்றான பாஸ்பேட் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த எண்ணை முதலில் கொண்டாடியவர் ராமசாமி.

ராமசாமி, எங்கள் சாரின் தங்கை வீட்டுக்காரர். ஆற்றின் கீழ்ப்பக்கம் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் கெட்டு, தென்னை காய்ப்பு நின்று, சாயப்பட்டறைகளுக்கு எதிராக மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். கலெக்டர் கூட்டத்தில் எங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு, "இது எங்க மச்சான் காலேஜ்ல அளந்ததுங்க. பொய்யாங்க?" என்று கேட்டாராம். அன்று எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அரிசியும்பருப்புச் சோறு போட்டார். நெய்யை அவரே ஊற்றினார். போதும் என்றால் காதில் விழாதது மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஆண்டு கடற்கரை ஊர் ஒன்றில் கூட்டம் நடந்தது. மலையடிவாரத்திலிருந்து கழிமுகம் வரைக்கும் ஆற்றுத் தண்ணீரையும் கரையோரக் கடல்நீரையும் சோதிக்கும் ஆய்வகங்கள் எல்லாம் வந்திருந்தன. எல்லோருடைய எண்களையும் சேர்த்து ஒரே மதிப்பீடாகப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. ஒருவர் பாலத்திலிருந்து வாளி விட்டு எடுக்கிறார், ஒருவர் மறுநாள் சோதிக்கிறார், ஒருவர் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். ஆளுக்கொரு படியில் அளந்த நெல்லை ஒரே குதிரில் கொட்டிவிட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் எப்படி?

அங்கேதான் சார் எழுந்து ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி எடுப்போம், ஒரே மாதிரி ஐஸில் வைப்போம். கூடவே ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரை நிரப்பி, ஆற்றங்கரை வரை கொண்டுபோய், மற்ற பாட்டில்களைப் போலவே திறந்து மூடி, திரும்பக் கொண்டுவந்து, அதையும் சோதிப்போம். கூட்டம் சிரித்தது. "ஏன் சார், வடிச்ச தண்ணிய எதுக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்க?" என்றார் ஒருவர். இவர் சிரிக்கவில்லை. "அது சும்மா போயிட்டு வரட்டுங்க. சும்மா போனது எதையாச்சும் சுமந்துட்டு வந்தா, அது ஆத்துது இல்லீங்க, நம்முளுது."

திரும்பி வந்து முதலில் செய்தது நாங்கள்தான். சும்மா போய் வந்த பாட்டில் பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு வந்து நின்றது.

எங்கிருந்து? அவர் தண்ணீரை மாற்றிப் பார்த்தார், பாட்டிலை மாற்றினார், வடிதாளை மாற்றினார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மத்தியானம் யோசித்துக்கொண்டே பாட்டில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். கையில் இருந்தது பனியன் வேஸ்ட், கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி. இந்த ஊரில் அது இல்லாத இடம் ஏது? ஸ்கூட்டர் துடைக்க, கண்ணாடி துடைக்க, குழந்தை மூக்கைத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நாங்களும் புத்தம் புதிதாக வெளுத்து வந்த வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு பாட்டிலையும் உள்ளும் புறமும் துடைத்துச் சுத்தம் பண்ணித்தான் கொண்டு போவோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. சார் அந்தத் துணியை வடித்த தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தார். வெளுக்கும்போது போட்ட, பாஸ்பேட் கலந்த மருந்தும் சோப்பும் அப்படியே அதில் இருந்தன. "அட கெரகமே" என்றார். "துடைச்சுத் துடைச்சு நாமளே ஏத்தியிருக்கிறோம், அம்மிணி."

எனக்குக் கோபம் வந்தது. "ஆறு கெட்டுத்தானே சார் கெடக்குது? இருக்கறதுக்கு மேல கொஞ்சம் சொல்லிட்டோம், அவ்வளவுதானே. சத்தமில்லாம அடுத்த வருசத்துல இருந்து சரி பண்ணிக்கலாம்" என்றேன். அவர் சொன்னதை மறக்கவில்லை. "ஆறு கெட்டது நெசம். நாம சொன்ன நம்பரு நெசமில்லை. ரெண்டையும் ஒரே முடிச்சுல கட்டி வெச்சோம்னா, நாளைக்கு எவனாச்சும் நம்பரை அவுத்துட்டு, ஆறும் சுத்தம்தான்னு சொல்லிப் போடுவான்."

எல்லோருக்கும் அறிவிப்பதற்கு முன்னால் ராமசாமியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று போனார். நானும் போனேன். ராமசாமி முழுவதும் கேட்டார். பிறகு, "மச்சான், சாயப்பட்டறைக்காரங்க உங்களுக்கு என்னங்க குடுத்தாங்க?" என்றார். தங்கை உள்ளேயிருந்து "ஏனுங்க, அண்ணனப் பாத்து என்ன பேச்சுங்க இது!" என்று பதறினார். சார், "மாப்பிள்ளை, மறுக்கா அளந்து சொல்றனுங்க" என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது. குடிக்கச் சொல்ல ஆளில்லை.

எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "பெரிய மனசுங்க சாருக்கு" என்றார். சார் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து, "மறுபடி அளக்கப் போறோமுங்க. அந்தக் கணக்கு வந்த பொறவும் குடுக்கத் தோணுச்சுன்னா கொண்டாங்க" என்றார். அந்த ஆள் திரும்ப வரவே இல்லை.

மறுபடி அளந்தோம், துணியே தொடாமல், பாட்டில்களை அமிலத்தில் கழுவிக் கவிழ்த்து உலர்த்தி. புதிய எண் பழையதைவிடக் குறைவுதான். ஆனால் ஊருக்கு மேலே இல்லாத சத்து ஊருக்குக் கீழே இருந்தது, சும்மா போன பாட்டில் சும்மாவே திரும்பி வந்தது. மற்ற ஆய்வகங்களும் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பாட்டிலைத் தூக்க ஆரம்பித்தன. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு தப்பு அகப்பட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் எண்ணையும் கழிமுகத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தது. எங்கள் ஊர்ச் சத்து எதுவரை போகிறது என்று வாய் திறந்து சொல்ல முடிந்தது.

ராமசாமிக்கு அதெல்லாம் போதவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குச் சாரைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் இல்லாமல் கொங்கு நாட்டில் கல்யாணமா! சாருக்குப் பங்காளி முறையில் வேறு ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்திச் சீர் செய்தார்களாம். அன்று சார் லீவு போடவில்லை. கழுவி வைத்த பாட்டில்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து, "முகூர்த்தம் முடிஞ்சிருக்கும்" என்றார். நானும் பக்கத்தில் நின்று சில பாட்டில்களைக் கழுவினேன்.

சாரின் இழவு வீட்டுக்கு ராமசாமி கோடித் துணியோடு வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. துணியைப் போர்த்திவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றார். கிளம்பும்போது என்னைத் தேடி வந்தார்.

"மேடம், போன மாசம் ஆளுக வந்து எங்க பக்கம் ஆத்துத் தண்ணி அளந்துட்டுப் போனாங்க. இப்ப நல்லாயிருச்சுங்கறாங்க. நெசமுங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. "கூடவே சும்மா போய் வர ஒரு பாட்டில் கொண்டுவந்தாங்களாங்க?" என்று கேட்டேன்.

ராமசாமி என்னையே பார்த்தார். "இதத்தானுங்க மச்சானும் கேட்டிருப்பாரு" என்றார். பிறகு தோள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். "என்ர புள்ள கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாம உட்டனுங்களே!"

காரியம் முடிந்த அடுத்த வாரம் அவர் கல்லூரிக்கு வந்தார். அளக்க வருகிற ஆட்களோடு தானும் ஆற்றுக்கு இறங்கப் போவதாகவும், அந்தப் பாட்டிலைத் தானே சுமப்பதாகவும் சொன்னார். சாரின் அலமாரியைத் திறந்து, அவர் கடைசியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து, வடித்த தண்ணீர் நிரப்பி மூடிக் கொடுத்தேன். மூடியில் ஏதோ ஈரம் இருந்தது. ராமசாமி துடைக்கத் துண்டை எடுத்தார். "துடைக்காதீங்க" என்றேன்.

பாட்டில் அவரிடம் போய்விட்டது. என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.