அந்தமானில் காய்க்காத ஊசிக்களா

ஜூலையில் அந்தமானுக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. மழை, கலங்கிய கடல், கடைசி நேரத்தில் ரத்தாகும் படகுகள். நான் போனதற்குக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். போர்ட் பிளேரில், டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் இருக்கும் என் அக்கா செல்வி அனுப்பியிருந்தாள். ஒரு பொட்டலம். அதன்மேல் ஆங்கிலத்தில் ‘அந்தமான் காட்டு பார்பெர்ரி’. கீழே அக்காவின் வரிகள்: “நம்ம ஊசிக்களா இங்கயும் கிடைக்குதுடா. மாத்திரைய விட இரும்புச்சத்து ஜாஸ்தியாம். மாத்திரைய நிறுத்திட்டேன்.”

அக்காவுக்கு ஏழாவது மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு. டாக்டர் தினம் இரண்டு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

எங்கள் ஊர் கோத்தகிரி. ஊசிக்களா அங்கே தேயிலைத் தோட்ட ஓரங்களில் வளரும் முள்செடி. கருநீலப் பழம், நல்ல புளிப்பு, தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும். பார்பெர்ரி இனம்தான். ஆனால் குளிர்மலைச் செடி. கடல் மட்டத்தில், வேர்க்கும் காட்டில் அது எப்படி வந்தது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சத்து அட்டவணையில் நீர் முக்கால் பங்குக்கு மேல் என்று போட்டிருந்தது. பொட்டலத்துக்குள் இருப்பதோ காய்ந்த சருகு. தேயிலை ஃபேக்டரியில் ஈரப்பதம் அளப்பதுதான் என் வேலை. அவ்வளவு தண்ணீர் இருந்தால் அந்தப் பொட்டலம் நாலு நாளில் பூஞ்சை பிடித்திருக்கும். எங்கோ யாரோ பச்சைப் பழத்தில் எடுத்த கணக்கை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். லீவு போட்டேன்.

சென்னையிலிருந்து காலை 7.10 விமானம், 9.30க்கு இறங்கியது. டிக்கெட் 6,800 ரூபாய். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆட்டோக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

“டெலானிபூர் பூரா சடாய் தம்பி, ஏத்தம். நானூறு குடுங்க.”

“ஏத்தத்துக்குத் தனி மீட்டரா அண்ணே?”

“மீட்டரா? அதெல்லாம் மெயின்லேண்ட்ல.” சிரித்துக்கொண்டே 250க்கு வந்தார். ஆறு கிலோமீட்டர். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். பொட்டலத்தின் படத்தைக் காட்டினேன். “டூரிஸ்ட் கா சாமான். இங்க எவனும் திங்க மாட்டான்.”

என் அக்கா தின்றுகொண்டிருந்தாள். வெந்நீரில் ஒரு கைப்பிடி போட்டு ஊறவைத்துக் குடிப்பது அவள் வழக்கமாகியிருந்தது. டம்ளரை வாங்கி முகர்ந்தேன். விறகுப் புகை. அடியில் ஊறிய சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து விரித்தேன். பழம் இல்லை, தடித்த தோல். ஓரம் நேர்க்கோடாக இருந்தது.

“கத்தி பட்ட பழம் எந்தச் செடியிலக்கா காய்க்குது?”

“டீத்தூள மோந்து பாக்குற வேலைய ஃபேக்டரியோட வெச்சுக்கடா. என் டம்ளர்ல வேணாம்.”

பேச்சு அதோடு முடிந்தது. மாத்திரை அட்டை, ஒன்றிரண்டு குழி மட்டும் காலியாக, ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

மறுநாள் காலை அபர்தீன் பஜாரில், அவள் வாங்கிய கடைக்குப் போனேன். நூறு கிராம் 350 ரூபாய். பக்கத்தில் இன்னும் இரண்டு காட்டுப்பழப் பொட்டலங்கள். மூன்றிலும் ஒரே சத்து அட்டவணை. கடைசிப் புள்ளிகூட மாறவில்லை. மூன்று வெவ்வேறு பழத்துக்கு ஒரே அளவு சுண்ணாம்புச் சத்து, ஒரே அளவு ஆன்டிஆக்ஸிடன்ட். பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்டேன். “லேப் ரிப்போர்ட் கம்பெனி கே பாஸ் ஹை” என்றார் கடைக்காரர், அறிக்கை கம்பெனியிடம் இருக்கிறதாம். கம்பெனி எங்கே? மெயின்லேண்டில். நான் போனை எடுத்ததும் “போட்டோ மனா ஹை” என்று கையை நீட்டி மறைத்தார்.

பொட்டலத்தின் பின்பக்கம் ‘தயாரிப்பு: புரோத்ராபூர்’ என்றிருந்தது. முன்பக்கம் தலையில் இலை சுற்றிய ஒரு பெண்ணின் படம், ‘பழங்குடியினர் கைகளால் சேகரிக்கப்பட்டது’ என்ற வரி.

10.20 பஸ். ஒன்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், இருபது ரூபாய். புரோத்ராபூரில் இறங்கி, “பார்பெர்ரி போடுற இடம் எங்கே?” என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் ஒரே திசையைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் முடிவெட்டும் கடை; அவர்கள் காதில் விழுந்தது ‘பார்பர்’. உள்ளே முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் பொட்டலத்துப் படத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். “அரே, இது நம்ம ரஞ்சிதம் தீதி!” அந்த அக்காவின் இடத்துக்கு வழியும் சொன்னார்.

ரஞ்சிதத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்குத் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில், விறகடுப்புக்கு மேல் தகரத் தட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். தட்டுகளில் சிவப்புத் தோல். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“நீங்கதானே பார்பெர்ரின்னு ஏமாத்தி விக்கிறது?”

“என்ன பெரி? இது கட்டாபல் தம்பி. காட்டுல அடிமரத்துலயே கொத்துக் கொத்தா காய்க்கும். உள்ள சுளைய நாங்க திம்போம். தோல கம்பெனிக்காரன் வாங்கிட்டுப் போவான். பொட்டலத்துல என்ன எழுதுறான்னு எனக்கு எங்க தெரியும்? நான் படிச்சது தமிழ் மூணாங்கிளாஸ்.”

“படத்துல பழங்குடின்னு இருக்கே?”

“இலைய சுத்திக்கிட்டு நில்லுங்கன்னாங்க. நின்னேன். எங்க அப்பா அம்மா சிலோன் தோட்டத்துல இருந்து நிக்கோபார்ல கட்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்தவங்க. சுனாமிக்கு அப்புறம் நாங்க இங்க வந்துட்டோம். நான் எந்த ஊரு பழங்குடி?” பொட்டலத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். “கறுப்பா வேற ஆக்கிட்டான், நாசமாப் போறவன்.”

என் தாத்தாவும் அதே சிலோனிலிருந்து வந்தவர்தான். அவரைக் கோத்தகிரித் தேயிலைக்கு அனுப்பினார்கள், இவர்களைக் கட்சால் ரப்பருக்கு. இரண்டு தலைமுறையாக உழைத்த குடும்பத்துப் பெண்ணை, விற்பனைக்கு வேண்டும் என்றதும் இலை சுற்றிப் பழங்குடியாக்கிவிடுகிறார்கள். உண்மையான பழங்குடிகளுக்கும் அதில் ஒரு பைசா போவதில்லை.

தாத்தாவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் சொன்னேன். ரஞ்சிதம் அகப்பையைக் கீழே வைத்தார்.

“புள்ளத்தாச்சிக்கா குடுக்குறீங்க? மீன் குழம்புக்குப் புளிப்புக்குப் போடுற சாமான் தம்பி இது. மருந்துன்னு எவன் சொன்னான்?” பிறகு கொஞ்சம் யோசித்து, “சிலோன் தோட்டத்து வழிப் பொண்ணுங்கிற. புளிப்புத் தெரியாதா அவளுக்கு? ஏன் மாத்திரைய விட்டான்னு கேட்டியா?” என்றார்.

கேட்கவில்லை. ஒரு பை நிறையப் பச்சைப் பழம் கொடுத்தனுப்பினார்.

அக்கா ஒரு பழத்தைப் பிதுக்கிச் சுளையை வாயில் போட்டாள். நான் அட்டவணை, கடைக்காரரின் ‘கம்பெனி கே பாஸ் ஹை’, தோல், புகை, இலை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“தெரியும்டா” என்றாள். “மொத நாளே தெரியும். ஊசிக்களா தின்னு வளந்தவளுக்கு இது தெரியாதா?”

“அப்புறம் ஏன்?”

“மாத்திர போட்டா கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. ரெண்டு நாளைக்கு வெளிக்குப் போக முடியல. போடலன்னு சொன்னா உங்க மச்சான் திட்டுறாரு, அம்மா போன்ல அழுவுது. இதக் குடிக்கிறேன்னதும் எல்லாரும் வாய மூடிக்கிட்டீங்க. இங்கிலீஷ்ல அட்டவணை போட்டிருக்கில்ல?” கொட்டையைத் துப்பினாள். “நீ ஒருத்தன்தான் பிளேன் ஏறி வந்த. வந்தும் டம்ளரத்தான் மோந்து பாத்த.”

மறுநாள் காலை 8 மணிக்கு அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றோம். டாக்டரம்மா ஐந்து நிமிடத்தில் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும், டீயோடு கூடாது என்றார். பொட்டலத்தைக் காட்டினேன். இது பார்பெர்ரியாக இல்லாமல் போனதே நல்லது, அந்தச் செடி மருந்துகளைக் கர்ப்பத்தில் தவிர்க்கத்தான் சொல்வோம் என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் போனால் கட்டாபலைப் பச்சையாக வாங்கித் தின்னுங்கள், நன்றாக இருக்கிறது. அதன் சிவப்புத் தோலில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கலாம், புளிப்பில் வைட்டமின் சி இருக்கலாம். விறகுப் புகையில் வாட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று அந்தப் பொட்டலத்தை யாரும் அளக்கவில்லை. காய்ந்த பொருளின் அட்டவணையில் முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள், பொய் அங்கேதான் மாட்டும். நிக்கோபார் பக்கம் போக அனுமதிச் சீட்டு வேண்டும், சும்மா கிளம்பிவிடாதீர்கள். வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்தினால் பொட்டலத்தைத் துருவுவதற்கு முன் அவர்களிடம் ஏன் என்று கேளுங்கள். எனக்கு அதற்கு மூன்று நாளும் ஒரு விமான டிக்கெட்டும் ஆனது.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். எல்லாக் குழியும் காலியான மாத்திரை அட்டை. காலி அட்டை எதையும் நிரூபிக்காது என்று பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் அடுத்த படம் வந்தது. ரத்தப் பரிசோதனைத் தாள், ஹீமோகுளோபின் ஒன்பதரை. கீழே எழுதியிருந்தாள்:

“லேப் ரிப்போர்ட் கம்பெனி கே பாஸ் ஹை. மோந்து பாத்துக்க.”