ரோசிலி காலியாக விட்ட திரை

ரோசிலிக்குத் திருச்சூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வயது ஐம்பத்து மூன்று. சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் சர்வதேச நாடக விழாவுக்கென்றே செலவழிப்பாள். கடைசி வரிசைக்குப் பின்னால் கணினி முன் உட்கார்ந்து, வெளிநாட்டு நாடகங்களின் வசனத்தை மேடைக்கு மேலுள்ள திரையில் மலையாளத்தில் வரிவரியாக ஏற்றுவாள். நடிகர்கள் பேசும் மொழி அவளுக்குத் தெரியாது. ஒத்திகையில் காதில் விழும் சொற்களைப் பிரதியில் குறித்துக்கொள்வாள். அதை வைத்தே ஓட்டிவிடுவாள்.

போன வருடம் மட்டும் விரல் அவசரப்பட்டுவிட்டது. துப்பாக்கி வெடிக்கும் முன்பே, "ஐயோ, அண்ணனைக் கொன்றுவிட்டார்கள்" என்று திரையில் வந்து, அரங்கமே கொல்லென்று சிரித்தது. அந்த நாடகக் குழுவின் இயக்குநர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

இந்த வருடம் ஜார்ஜியாக் குழு. கிழட்டு ரொட்டிக்கடைக்காரர், அவருடைய இரண்டு மகள்கள், அவ்வளவுதான் கதை.

"அவங்க பாஷையில மாமான்னா அப்பாவாம்டா" என்றாள், அரங்கத்து விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் டேவிஸிடம்.

"அய்யோ! அப்ப என் மாமனார் அங்க போனா எனக்கு அப்பனாயிடுவாரா சேச்சி?"

அந்தச் சிரிப்பெல்லாம் காட்சி தொடங்கும்வரைதான். நூற்று எண்பத்தாறாவது வரி முடிந்ததும் அப்பாவாக நடித்த ரேவாஸ் சட்டென்று நின்றார். ஒரு கணம் மேற்கூரையைப் பார்த்தார். பிறகு மடமடவென்று ஏதோ சொல்லத் தொடங்கினார். ரோசிலி குறித்து வைத்த ஒரு சொல்கூட அதில் இல்லை. பக்கங்களைத் தள்ளினாள். அங்கேயும் இல்லை. குழுவோடு வந்த மொழிபெயர்ப்பாளரோ மேடைக்குப் பின்னால் இருந்தார்.

திரையில் பழைய வரியே நின்றது. நாலைந்து தலைகள் பின்னால் திரும்பின. டேவிஸ் அவள் காதருகே குனிந்தான்.

"எதையாவது போடுங்க சேச்சி! யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"சனங்க திரும்பிப் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். அந்த மனுஷன் சொல்லாததை அவர் வாயில திணிக்க மாட்டேன்."

திரையைக் காலியாக்கினாள். கிழவர் சின்ன மகளைப் பார்த்து இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். அப்போது ஒரு சொல் காதில் விழுந்தது: "பூரி." அங்கே ரொட்டிக்கு அதுதான் பெயர்.

ஆனால் பூரி இரண்டு இடத்தில் வரும். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில், "ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போ" என்று மகளை விரட்டுவார். முந்நூற்று நாற்பதில், திரும்பி வந்தவளிடம், "ரொட்டி சாப்பிடம்மா" என்பார். மாற்றிப் போட்டால் நாடகமே கவிழ்ந்துவிடும்.

ரோசிலி பிரதியை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தாள். சின்ன மகள் தலைத்துணியின் முடிச்சை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியேறப் போகிறவள் செய்கிற காரியம் அது. ரோசிலி இருநூற்றுப் பன்னிரண்டை அழுத்தினாள்.

மகள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னிருந்த வரிசையில் ஒரு பெண், "பாவம்" என்றது மட்டும் கேட்டது.

காட்சி முடிந்ததும் ரேவாஸ் முகப்பூச்சோடே அவளைத் தேடி வந்தார். மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார்: "வசனம் சுத்தமா மறந்துபோச்சாம். வாய மூடினா தொலைஞ்சோம்னு, அவர் ஊர்லேருந்து தலைநகருக்குப் போற ரயில் நிக்கிற ஸ்டேஷன் பேரையெல்லாம், ரொட்டி வசனம் ஞாபகம் வர்ற வரைக்கும் வரிசையா சொல்லியிருக்கார். சனங்க இப்ப சிரிக்கும், அப்ப சிரிக்கும்னு பயந்துட்டே இருந்தாராம். அந்த நேரத்துல என்ன எழுதினீங்கன்னு கேக்குறார்."

"ஒண்ணும் எழுதலன்னு சொல்லுங்க."

அதைக் கேட்டதும் கிழவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரோசிலி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காட்சியில் அவர் எதையும் மறக்கவில்லை. இருந்தாலும் நூற்று எண்பத்தாறைத் தாண்டும்வரை ரோசிலி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.