தஞ்சாவூர்க் கணக்கில் செத்தவர்கள்

பிள்ளைகளா, நாம் ஏன் ஊரை விட்டுத் தஞ்சாவூருக்குக் குடிவந்தோம் என்று யாராவது கேட்டால், அப்பா நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றுங்கள். நடந்தது வேறு. பாதி உங்களுக்கே தெரியும். மீதியை உங்கம்மா வாயால் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது எனக்குக் கொஞ்சம் பாதுகாப்பு.

பூதலூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் நம் ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலையும் எடுத்துச் செய்கிறேன் அல்லவா. ஆராய்ச்சி படிக்கும் ஒரு பெண் வந்து, நூறு வருஷத்துக்கு முந்தைய சுகாதார அறிக்கைகளைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த அட்டவணைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர வேண்டும். எந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்பதுதான் விஷயம். காலரா, அம்மை, பிளேக், சீதபேதி, காய்ச்சல் என்று வரிசையாகக் கட்டங்கள். இதில் எதிலும் சேராதவர்களுக்குப் 'பிற காரணங்கள்' என்று கடைசியில் ஒன்று. பத்தாவதும் டைப்ரைட்டிங்கும் படித்தவன் நம்பரை மட்டும் அடித்துக் கொடுத்திருக்கலாம். நான் படித்தும் பார்த்தேன். அங்கேதான் கெட்டது.

ஆயிரம் பேருக்கு இத்தனை சாவு என்ற கணக்கில் டவுன்கள் கிராமங்களைவிட மேலே நின்றன. தஞ்சாவூரும் அப்படித்தான். நெருக்கமான தெரு, திறந்த சாக்கடை, கோடையில் வற்றிய குளம் என்று அறிக்கை எழுதிய வெள்ளைக்காரர் காரணமும் சொல்லியிருந்தார். எனக்கு என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் காலராவைப் பற்றிப் பேசினேன். ரேஷன் கார்டோடு வந்த ஒரு பெரியம்மா, பிளேக் எலி கதையைப் பாதி கேட்டுவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார். டீக்கடையில் எனக்குக் காலரா என்றே பேர் வைத்தார்கள். என் தலையைக் கண்டதும் டீ மாஸ்டர், "அண்ணனுக்குத் தண்ணிய நல்லா கொதிக்க விட்டுப் போடுறேன், ஒரு பூச்சி உயிரோட இருக்காது" என்பார். மரியாதையாகச் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவளே, உனக்குத் தஞ்சாவூரில் பிளஸ் ஒன் இடம் கிடைத்தது. விடியற்காலையில் எழுந்து, வரப்பில் நடந்து, ரோட்டுக்கு வந்து, ரயிலைப் பிடித்து நீ போய்வந்தாய். சாயங்காலம் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போவாய். இப்படியே போனால் நீயாகவே படிப்பை விட்டுவிடுவாய் என்று உங்கம்மா பயந்தாள். விசாரித்து, டவுனில் ஒரு வாடகை வீடும் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லி வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து வந்து கூடத்தில் விரித்தேன். டவுனுக்குப் போவது உயிருக்கு ஆபத்து என்று ஒரு பிரசங்கமே செய்தேன். இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தி நடந்தது என்று நீ மெதுவாகச் சொன்னாய். ஆறு அதே ஆறுதானே என்று நான் கேட்டேன். சின்னவன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

உங்கம்மா தோசைக்கல்லைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள். காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"மாமா எங்கங்க இறந்தாங்க?"

போன வருஷம் உங்கள் தாத்தா போனதைக் கேட்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் என்றேன்.

"இறப்புச் சர்டிபிகேட் எந்த ஊர்ல வாங்குனீங்க?"

"தஞ்சாவூர்லதான்."

"அப்ப அவங்க தஞ்சாவூர்க் கணக்கு. ஒரு நாளாவது அங்க குடியிருந்தாங்களா? இங்க முடியலைன்னுதானே தூக்கிட்டு ஓடுனோம். அந்தக் காலத்துலயும் இப்படித்தானே மாட்டு வண்டியில போட்டுத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. காப்பாத்துற இடத்தப் போய்க் கொல்ற இடம்னு எழுதி வச்சிருக்கீங்க."

மறுநாள் காலையில் கடையைத் திறந்த கையோடு அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஆமாம் சார், வெளியூர் நோயாளிகள் டவுன் கணக்கில் ஏறுவது ஒரு பெரிய சிக்கல், கிராமத்துச் சாவுகள் பாதி பதிவாகாமல் போவது இன்னொன்று, முதல் நாளே சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். அப்போது நான் எத்தனை பக்கம் தேறும், எவ்வளவு கூலி வரும் என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

உண்மையைச் சொன்னால், அட்டவணை வருவதற்கு முன்பே எனக்குத் தஞ்சாவூர் பிடிக்காமல் போயிருந்தது. தாத்தாவோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்த நாட்களுக்குப் பிறகு, பஸ் அந்த ரோட்டில் திரும்பினாலே பினாயில் வாடை அடிக்கிற மாதிரி இருக்கும். பயமாக இருக்கிறது என்று சொல்ல ஆம்பிளைக்கு வெட்கம். வெள்ளைக்காரர் எழுதி வைத்ததைக் காட்டுவதற்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் சரி சொன்னேன். சாவியைக் கொடுத்து உள்ளே பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுப்படியில் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. நீ உட்கார்ந்து படிக்க ஜன்னலோரம் இடம் இருந்தது. பூட்டிவிட்டு வெளியே வந்தேன்.

இதற்கு மேல் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. புது வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பி, அவசரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நேராக ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சிக்னல், ஒரு வேகத்தடை. உட்கார்ந்த சீட் சூடாவதற்குள் வந்துவிட்டது. கேட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். இளநீர்க்காரர் வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டியபோதுதான், யாருக்காக வீடு மாறுகிறோம் என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பினேன். வீட்டு வாசலுக்கே மறுபடியும் போய், அங்கிருந்து உன் பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.