கலங்கல் குடம்

இன்று காலை குழாயைத் திறந்ததும் துரு வாடை அடித்தது; எங்கள் தெருப் பூங்கா நினைவுக்கு வந்துவிட்டது. கோவில்பட்டியில் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்துக் கிடந்த காலம். முதலில் வரும் கலங்கலைக் கீழே கொட்டாமல் வீட்டுக்கு ஒரு குடம் பூங்காவில் ஊற்றவேண்டும் என்று வழக்கம் வைத்தவள், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன கோமதி அத்தை. வெடித்துக் கிடந்த கரிசலில் அவள் நட்ட புங்கை அந்தக் குடங்களைக் குடித்துத்தான் நிழல் விட்டது. “ஏட்டி, மொதக் கொடத்த எங்கன கொண்டு போறே? மரம் என்ன ஒங்க வீட்டுக்கு நடந்து வந்தா குடிக்கும்?” என்று தெருமுனையிலிருந்தே சத்தம் போடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் மண்வெட்டியும் கையுமாகத் தெருவே அங்கேதான் கிடக்கும், வியர்வையும் தீப்பெட்டி மருந்தும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசத்தோடு.

பிறகு தண்ணீர்த் தொட்டி கட்ட நகராட்சியில் அந்த இடத்தையே கேட்டார்கள். மறுத்துச் சொல்லும்படி எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவள் புங்கையில் சாய்ந்து நின்றாள்.

“தண்ணி வேண்டாம்னு எந்த வாயால சொல்லுவேன்?” என்றாள்.

இப்போது தண்ணீருக்குக் குறைவில்லை. அத்தையும் இல்லை. பழக்கத்தில் கலங்கல் குடத்தை இடுப்பில் ஏற்றி வாசல்வரை வந்துவிட்டேன். எதிரே தொட்டி நிற்கிறது.